பீலித் தண்ணீரும் ஆறு வெள்ளைக் கிண்ணங்களும்

இலங்கையின் ரயில் நிலையங்களில் ஆக உயரத்தில் இருப்பது பட்டிப்பொல. கடல் மட்டத்திலிருந்து 6,226 அடி, மீற்றரில் ஏறக்குறைய 1,897. அங்கே ஒரு வீட்டு அடுப்பில் கேத்தலை வைத்து, தண்ணீர் குமிழ் புரண்டு கொதிக்கிற நேரத்தில் ஆய்வுகூட வெப்பமானியை விட்டுப் பார்த்தால் 100 பாகை செல்சியஸ் காட்டாது. 94 வரைக்கும் வந்து நின்றுவிடும். இன்னும் நாலு விறகைத் தள்ளினால் தண்ணீர்தான் வற்றும், சூடு ஏறாது.

காரணம் காற்று. காற்றுக்கும் எடை உண்டு. கொழும்புக் கடற்கரையில் நிற்பவருக்கு மேலே இருக்கிற காற்றைவிடப் பட்டிப்பொலயில் நிற்பவருக்கு மேலே இருக்கிற காற்று குறைவு. அதனால் காற்றின் அமுக்கமும் இங்கே ஐந்தில் நான்கு பங்குதான். அமுக்கம் குறைந்தால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்து ஆவியாகிக் கிளம்பிவிடுகிறது. நுவரெலியாப் பக்கத்து வீடுகளில் பருப்பு வேக அவ்வளவு நேரம் பிடிப்பதும் இதனால்தான்.

இப்போது உங்களுக்கு ஒரு சந்தேகம் வரவேண்டும். பாடசாலைக்கு வருகிற பொதுச் சுகாதாரப் பரிசோதகர், "கொதித்தாறிய தண்ணீரையே குடியுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். 94 பாகையில் கொதிக்கிற தண்ணீரில் கிருமி சாகுமா?

தாராளமாகச் சாகும். நெருப்புக் காய்ச்சலைக் கொண்டுவரும் பக்டீரியா 70 பாகையிலேயே ஒரு நிமிடத்துக்குள் மடிந்துவிடும். செங்கமாரியைத் தரும் ஏ வகை வைரசு கொஞ்சம் முரடானது. அதற்கு 85 பாகைச் சூடு ஒரு நிமிடம் வேண்டும். பால் தொழிற்சாலைகளில் பாலை 72 பாகையில் 15 விநாடி வைத்திருந்தாலே நோய்க் கிருமிகள் ஒழிந்துவிடுகின்றன. ஆகவே மலை உச்சியின் 94 பாகை போதும். ஆனால் குமிழ் புரள வேண்டும். மேலே ஆவி தெரிந்ததும் இறக்கிவிடக் கூடாது. இந்த உயரத்தில் இருப்பவர்கள் ஒரு மூன்று நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டால் பயமே இல்லை.

அந்தப் பரிசோதகரைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேசப்போகிறேன். தோட்டப் பக்கத்தில் 'பீ.எச்.ஐ. ஐயா' என்பார்கள். மோட்டார் சைக்கிளில் வருவார். சாப்பாட்டுக் கடையில் முன்பக்கத்துக் கண்ணாடி அலுமாரியைப் பார்த்துவிட்டுப் போகமாட்டார், நேரே பின்பக்கத்துச் சமையலறைக்குப் போவார். பேக்கரியில் மா மூட்டையை நகர்த்தச் சொல்லுவார். லயத்துக்குப் பின்னால் ஓடுகிற கானைக் குனிந்து பார்ப்பார். பாடசாலையில் மலசலகூடத்துக்குப் பக்கத்தில் தண்ணீரும் சவர்க்காரமும் இருக்கிறதா என்று பார்ப்பார். அவரைக் கண்டதும் கடைக்காரர்கள் பரபரப்பதைப் பார்த்து, ஏதோ தண்டம் போட வந்தவர் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். தண்டம் போடவும் அவருக்கு வழி உண்டுதான். நாட்டின் 1980ஆம் ஆண்டு உணவுச் சட்டம் அவருக்குக் கெட்டுப்போன உணவைப் பறிமுதல் செய்து வழக்குப் போடும் அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. ஆனால் அவர் செய்வது முதலில் அறிவியல் வேலை.

யோசித்துப் பாருங்கள். நெருப்புக் காய்ச்சல் பக்டீரியாவின் நீளம் ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு. அவரிடம் நுணுக்குக்காட்டி இல்லை. பிறகு எதைப் பார்த்து, "இந்தத் தண்ணீர் ஆபத்து, இந்தச் சமையலறை ஆபத்து" என்று சொல்கிறார்? கிருமி நடந்து வருகிற வழியைப் பார்த்துச் சொல்கிறார். நோயாளி ஒருவரின் மலத்திலிருந்து கிளம்புகிற கிருமி தண்ணீர் வழியாக, கை வழியாக, ஈயின் கால் வழியாக, சாப்பாட்டு வழியாக இன்னொருவரின் வாய்க்கு வந்து சேர வேண்டும். இதில் ஓரிடத்தை அடைத்துவிட்டால் அந்த வழி செத்துப்போகும். வழியைக் காண நுணுக்குக்காட்டி வேண்டாம். பழக்கப்பட்ட கண் வேண்டும்.

இப்படி ஒரு வேலையை முதலில் ஏற்படுத்தியது இங்கிலாந்தின் லிவர்பூல் நகரம். 1844இல் தோமஸ் ஃபிரெஷ் என்பவரை அசுத்தங்களைக் கண்டுபிடிப்பதற்கென்றே நியமித்தார்கள். மூன்று ஆண்டு கழித்து வைத்தியர் வில்லியம் ஹென்றி டங்கன் அந்நகரத்தின் சுகாதார வைத்திய அதிகாரியானார். அந்த நாட்டிலேயே அப்படியொரு பதவி வகித்த முதல் ஆள் அவர். அதற்குப் பிறகு நூறு ஆண்டுக்கு மேல், 1956இல் ஒரு சட்டம் வந்த பிறகுதான், 'சுகாதாரப் பரிசோதகர்' என்ற பதவிப் பெயர் அங்கே 'பொதுச் சுகாதாரப் பரிசோதகர்' என்று மாறியது. நம் நாட்டில் 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. ஒரு வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே பரிசோதகர்கள், மருத்துவிச்சிகள் என்று ஊர் ஊராகப் போய் நோய் வரும் முன்பே தடுக்கிற ஏற்பாடு. அமெரிக்காவின் றொக்பெல்லர் மன்றம் அதற்குக் கைகொடுத்தது. ஆனால் அந்த யோசனைக்குக் காரணமான பாடம் களுத்துறையில் கற்றதல்ல. தோட்டத்தில், வெறுங்காலோடு கொழுந்து பறித்தவர்களிடம் கற்றது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கொக்கிப்புழு என்று ஒன்று இருக்கிறது. ஒரு சென்ரிமீற்றர் நீளம்தான். மனிதரின் சிறுகுடலில் கடித்துத் தொங்கிக்கொண்டு இரத்தம் குடிக்கும். பத்துப் பதினைந்து புழு என்றால் தெரியாது. நூற்றுக்கணக்கில் சேர்ந்தால் உடம்பு வெளிறும், மூச்சு வாங்கும், நாலு படி ஏறினால் கால் கெஞ்சும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பரவியிருந்த இதைப் பத்திரிகைகள் 'சோம்பல் கிருமி' என்றே எழுதின. இரத்தம் இல்லாமல் தள்ளாடிய ஏழைகளை உலகம் சோம்பேறிகள் என்று திட்டியிருக்கிறது. அந்த அநியாயத்தை நினைத்தால் இன்றும் மனம் ஆறாது.

இந்தப் புழு உடம்புக்குள் எப்படி நுழைகிறது? வாய் வழியாகத்தான் என்று எல்லாரும் நம்பினார்கள். 1890களின் இறுதியில் எகிப்தின் கெய்ரோ நகரில் ஆர்தர் லோஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி, கொக்கிப்புழுவின் குடம்பிகள் கலந்த தண்ணீரோடு வேலை செய்துகொண்டிருந்தார். அதில் கொஞ்சம் தவறிக் கையில் சிந்திவிட்டது. சிந்திய இடம் அரித்தது, சிவந்தது. அவர் விடவில்லை. வாரக்கணக்கில் தன்னுடைய மலத்தையே எடுத்துச் சோதித்துப் பார்த்தார். ஒருநாள் அதில் கொக்கிப்புழு முட்டைகள் இருந்தன! குடம்பி தோலைத் துளைத்து, இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலுக்குப் போகிறது என்பது அதிலிருந்துதான் தெரியவந்தது. மலம் கிடந்த ஈர மண்ணில் வெறுங்கால் பட்டாலே போதும்.

இனித் தோட்டத்துக்கு வருவோம். 1916இல் றொக்பெல்லர் மன்றத்தார் மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினார்கள். சோதித்துப் பார்த்தால் மிகப் பெரும்பாலான தொழிலாளர்களின் உடம்பில் புழு. மருந்து கொடுத்தார்கள். குடிக்கவே முடியாத நாற்றமடிக்கிற எண்ணெய் மருந்து. புழு விழுந்தது, எல்லாரும் மகிழ்ந்தார்கள். சில மாதம் கழித்துப் பார்த்தால் அதே ஆட்களின் வயிற்றில் மறுபடியும் புழு. ஏன்? லயங்களில் மலசலகூடம் இல்லை. மருந்து குடித்தவர் மறுநாள் அதே பற்றைக்குப் பின்னால்தான் போனார், அதே மண்ணில்தான் மிதித்தார். வெளியே போன புழுவின் பிள்ளைகள் கால் வழியாகத் திரும்பி வந்தன. மருந்து மட்டும் கொடுத்தால் காசு போகும், புழு போகாது என்பது அப்போதுதான் உறைத்தது. மலசலகூடம் கட்ட வேண்டும், அது கட்டப்பட்டதா, பாவிக்கப்படுகிறதா என்று பார்க்க ஊரிலேயே ஒருவர் இருக்க வேண்டும். களுத்துறையில் பிறந்த ஏற்பாட்டுக்கு அடிப்படை இதுதான்.

தோட்ட வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் முகாமிலேயே புழு மருந்து கொடுத்தார்கள். அங்கே சில நாட்கள் தடுத்து வைத்தும் பார்த்தார்கள். வாந்திபேதிக் கிருமி உடம்புக்குள் போனால் ஐந்து நாளுக்குள் நோய் வெளியே தெரிந்துவிடும். அதற்குள் ஒன்றும் வராவிட்டால் கப்பலேறலாம் என்பது கணக்கு. கணக்கு சரி. ஆனால் அவ்வளவு கவனமாகச் சோதித்துக் கொண்டுவந்தவர்களைக் குடிவைத்த இடம் எப்படி இருந்தது? பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. பல தோட்டங்களில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயம். முன்பக்கம் மட்டும் கதவு, பின்பக்கம் அடுத்த வீட்டுச் சுவர். காற்று ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போனால்தான் அறையின் காற்று மாறும். வழி ஒன்றே ஒன்றானால் அடுப்புப் புகையும் ஒருவர் இருமினால் மிதக்கிற காசநோய்க் கிருமியும் உள்ளேயே சுற்றும். இப்படி முதுகோடு முதுகு ஒட்டிய வீடு கட்டக் கூடாது என்று பிரித்தானியா தன் நாட்டில் 1909இலேயே சட்டம் போட்டுவிட்டது. அதே நாட்டுக் கம்பனிகளின் தோட்டங்களில் இரட்டை லயம் அப்படியே நின்றது. சுதந்திரத்துக்குப் பிறகும் நெடுங்காலம் தோட்டத்துச் சுகாதாரம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாகவே கிடந்தது. ஊர்ப்புறத்தில் வீடு வீடாகப் போன பரிசோதகரின் கண் லயத்துக்கு வந்து சேர மிகவும் தாமதமாயிற்று. இதை நான் உங்களுக்கு மறைக்க விரும்பவில்லை.

பட்டிப்பொல குளிர்மண் ஆயிற்றே, கொக்கிப்புழுவுக்குச் சூடு வேண்டுமே என்று யாராவது கேட்கலாம். நல்ல கேள்வி. அந்தக் குடம்பி வளர ஈரமும் இளஞ்சூடும் வேண்டும். ஆல்ப்ஸ் மலைக்கு அடியில் கொத்தார்ட் ரயில் சுரங்கத்தைத் தோண்டியவர்கள் 1880 வாக்கில் இதே புழுவால் சரிந்து விழுந்தார்கள். மேலே பனி, ஆனால் சுரங்கத்துக்குள்ளே வெக்கையும் சேறும், மலசலகூடம் மட்டும் இல்லை. பட்டிப்பொலவுக்கும் ஒஹியவுக்கும் நடுவிலே சுரங்கப் பாதையில் ரயிலில் போய் வருகிற பிள்ளைகளுக்கு அந்த ஈரமும் இருட்டும் தெரிந்திருக்கும்.

குளிர் மலைக்கு ஏற்றது வட்டப்புழு. அதன் பெண்புழு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2,00,000 முட்டை இடும். முட்டையைச் சுற்றித் தடித்த ஓடு இருப்பதால் குளிர்ந்த ஈர மண்ணில் ஆண்டுக்கணக்கிலும் உயிரோடு கிடக்கும். இது தோலைத் துளைக்காது, வாய் வழியாகத்தான் வரும். பட்டிப்பொலயைச் சுற்றிக் கரட்டும் லீக்ஸும் கோவாவும் விளைகின்றன. மண்ணிலிருந்து கரட்டைப் பிடுங்கி, சட்டையில் ஒரு தேய்ப்புத் தேய்த்து, கறுக்கென்று கடிக்கிற சுகம் எனக்கும் தெரியும். தேய்த்தால் மண் போகும். முட்டையின் மேலோடு பசை மாதிரி ஒட்டிக்கொள்வது, அது போகாது. ஓடுகிற தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, தோலைச் சீவிவிட்டுக் கடியுங்கள். ருசி குறையாது.

கடைக்குள் பரிசோதகர் டின் மீனைத் தட்டித் தூக்கிப் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். ஊதிய டின், துருப்பிடித்த டின், ஓரம் நசுங்கிய டின் எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. 1964இல் ஸ்கொட்லாந்தின் அபர்டீன் நகரில் நெருப்புக் காய்ச்சல் வந்து 500க்கு மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். தேடிக்கொண்டு போனால் வழி ஒரு பெரிய மாட்டிறைச்சி டின்னில் முடிந்தது. தென்னமெரிக்காவில் அடைத்த டின். அடைத்துச் சூடாக்கியபோது உள்ளே இருந்த கிருமியெல்லாம் செத்துவிட்டது. ஆனால் சூடான டின்னைக் குளிரவைக்கக் குளோரின் போடாத ஆற்றுத் தண்ணீரில் இறக்கினார்கள். சூடு இறங்கும்போது டின்னுக்குள் அமுக்கம் குறையும். கண்ணுக்குத் தெரியாத ஒரு துவாரம் இருந்தாலும் வெளித் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். ஆற்று நீர் போயிற்று, கூடவே கிருமியும் போயிற்று. கடையில் அந்த இறைச்சியைச் சீவிய இயந்திரத்திலே மற்ற இறைச்சிகளையும் சீவினார்கள். ஒரு டின்னிலிருந்து ஒரு நகரத்துக்கே நோய் பரவிவிட்டது. உணவைத் தொடுகிறவர்கள் கை கழுவ வேண்டும், காயத்தை மூடிக் கட்ட வேண்டும் என்றெல்லாம் பிரித்தானியா அதற்கு முன்பே விதி எழுதி வைத்திருந்தது. நோய் வந்ததோ கடல் கடந்த ஓர் ஆற்றிலிருந்து.

தண்ணீர் என்றதும் பீலி நினைவுக்கு வருகிறது. மலை ஊற்றை மூங்கிலாலோ குழாயாலோ திருப்பி விட்டிருப்பார்கள். பார்க்கக் கண்ணாடி போல இருக்கும், கை வைத்தால் சில்லென்றிருக்கும். 'மலைத்தண்ணி சுத்தம்' என்று பெரியவர்களும் சொல்லுவார்கள். பரிசோதகர் அந்தப் பீலியைப் பார்க்க வந்தால் முதலில் தண்ணீரைப் பார்ப்பதில்லை, மேட்டைப் பார்ப்பார். ஊற்றுக்கு மேலே மலசலகூடக் குழி இருக்கிறதா? மாட்டுக் கொட்டில் இருக்கிறதா? மழை பெய்தால் மேட்டிலிருந்து வழிகிற நீர் ஊற்றுக்குள் இறங்குமா? ஊற்றைச் சுற்றி வேலி உண்டா, மூடி உண்டா? குழி ஊற்றுக்குக் கீழ்ப்புறம், 50 அடியாவது தள்ளி இருக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. ஊற்றுக்கு மேலே தோட்டப் பயிர்களுக்கு அடிக்கிற பூச்சிமருந்தும் இறங்கலாம். கிருமி கொதியில் சாகும், பூச்சிமருந்து சாகாது. அதனால் மேட்டைப் பார்ப்பது கட்டாயம். பட்டிப்பொலயைத் தாண்டினால் வருகிற ஹோட்டன் சமவெளியில்தான் மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று கங்கைகளுக்கும் போகிற ஓடைகள் ஊறுகின்றன. நாம் மேட்டில் செய்வதெல்லாம் கீழே எத்தனையோ ஊர்க்காரர்களின் குவளைக்குப் போய்ச் சேரும்.

ஊற்றைக் காத்தாலும் தொட்டியில் சேர்த்து வைத்த தண்ணீருக்கு வெளிற்றும் தூள் போட வேண்டிவரும். அதிலிருக்கும் குளோரின் கிருமியைக் கொல்லும். எவ்வளவு போடுவது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஒரு சோதனை வருகிறது. பிரித்தானிய இராணுவ வைத்தியர் வில்லியம் ஹொரொக்ஸ் முதலாம் உலகப் போர்க் காலத்தில் படைவீரர்களின் குடிநீருக்காக அமைத்தது. சுகாதாரப் பணியாளர்கள் தலைமுறை தலைமுறையாக அதைக் கற்றார்கள். பெட்டியைத் திறந்தால் ஆறு வெள்ளைக் கிண்ணம், ஒரு கறுப்புக் கிண்ணம், இரண்டு கிராம் பிடிக்கிற கரண்டி, துளிக்குழாய்கள், கலக்கும் கம்பிகள், ஒரு போத்தல் நிறங்காட்டி. அவ்வளவுதான்.

குளோரினைத் தண்ணீரில் விட்டால் அது கிருமியை மட்டும் தேடிப் போகாது. இலைச் சருகு, சேறு, அழுகல் என்று என்ன இருந்தாலும் அதனோடு சேர்ந்து தீர்ந்துபோகும். வழியில் நிற்கிறவர்களுக்கெல்லாம் பங்கு கொடுத்துவிட்டு வீட்டுக்கு வெறும் பையோடு வருகிற அப்பா மாதிரி. தண்ணீர் எவ்வளவு அழுக்கோ அவ்வளவு குளோரின் வீணாகும். எல்லாம் போக மிச்சம் நின்றால்தான் அந்தத் தண்ணீர் பாதுகாப்பு.

கறுப்புக் கிண்ணத்தில் ஒரு கரண்டி வெளிற்றும் தூளைக் குழைத்து, குறிக்கப்பட்ட கோடு வரை தண்ணீர் ஊற்றிக் கலக்கித் தெளியவிட வேண்டும். ஆறு வெள்ளைக் கிண்ணத்திலும் தொட்டித் தண்ணீரை ஊற்ற வேண்டும். தெளிந்த கரைசலை முதல் கிண்ணத்தில் ஒரு துளி, இரண்டாவதில் இரண்டு துளி, இப்படி ஆறாவதில் ஆறு துளி விட்டுக் கலக்க வேண்டும். பிறகு அரை மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். குளோரினுக்கு வேலை செய்ய நேரம் கொடுக்காமல் அவசரப்பட்டால் சோதனை பொய் சொல்லும். கடைசியாக எல்லாக் கிண்ணத்திலும் மூன்று துளி நிறங்காட்டி. அதில் மாப்பொருளும் அயடைட்டு உப்பும் இருக்கும். மிச்சம் நிற்கிற குளோரின் அயடைட்டிலிருந்து அயடீனைப் பிரித்துவிடும். அயடீன் மாப்பொருளைத் தொட்டால் நீலம். உருளைக்கிழங்குத் துண்டில் அயடீன் சொட்டினால் கருநீலமாவதை விஞ்ஞானப் பாடத்தில் செய்து பார்த்தீர்களே, அதே நீலம்தான்.

சில கிண்ணங்கள் வெளுத்தபடியே இருக்கும். அவற்றில் குளோரின் எல்லாம் அழுக்கோடு தீர்ந்துவிட்டது. எந்தக் கிண்ணத்தில் முதலில் தெளிவாக நீலம் தெரிகிறதோ அதன் இலக்கத்தை இரண்டால் பெருக்குங்கள். 455 லீற்றர் தண்ணீருக்கு அத்தனை கிராம் தூள் வேண்டும். மூன்றாம் கிண்ணம் என்றால் 6 கிராம். பெருமழைக்கு அடுத்த நாள் சோதித்தால் அதே பீலித் தண்ணீருக்கு ஐந்தாம் கிண்ணம் வரைக்கும் போக வேண்டியிருக்கலாம். மழை மேட்டிலிருந்து எதைக் கழுவிக் கொண்டுவந்தது என்பதை அந்தக் கிண்ணங்கள் சொல்லிவிடும். இப்போது பரிசோதகர்கள் மிச்சக் குளோரினை அளக்க வேறு ஒரு மாத்திரையைப் பாவிக்கிறார்கள். அது நீலத்துக்குப் பதில் இளஞ்சிவப்பு நிறம் காட்டும். அந்த முறையை 1957இல் உருவாக்கியவரும் ஒரு பிரித்தானியர்தான், நியூகாசில் குடிநீர் நிறுவனத்து இரசாயனவியலாளர் பாலின். இந்தத் தூளை நீங்களாகத் தொட வேண்டாம். கண்ணிலும் மூச்சிலும் பட்டால் எரிக்கும். அடுத்த முறை பரிசோதகர் பாடசாலைக்கு வரும்போது சோதனையைச் செய்து காட்டும்படி கேளுங்கள். கேள்வி கேட்கிற பிள்ளைகளை அவர்களுக்கு மிகவும் பிடிக்கும்.

அதுவரைக்கும் கொப்பியில் ஒரு கணக்குப் போடுங்கள். உங்கள் லயத்துக்கு மேலே இருக்கிற தொட்டி 1,820 லீற்றர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். மழைக்கு மறுநாள் சோதித்ததில் நாலாம் கிண்ணம்தான் முதலில் நீலமானது. தொட்டிக்கு எத்தனை கிராம் வெளிற்றும் தூள் வேண்டும்? 32 என்று வந்தால் சரி.